பேர் சொல்ற இடம்

எங்க போறேன்னா கேக்கிய? சும்மா கேக்கியளா, இல்ல யாராவது கேக்கச் சொல்லி அனுப்பிச்சாவளா? கோவிச்சுக்கிடாதிய தம்பி. பஸ்ஸுல இத்தனை சீட்டு காலியாக் கிடக்கு, நீங்க என் பக்கத்துல வந்து உக்காந்திய, அதான் கேட்டேன். அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுங்கிய. சரி, அடிக்கத்தான் செய்யுது. ஆனா அந்தப் போனை மட்டும் உள்ள தள்ளி வையுங்க. சட்டைப் பையில இருந்து தலையை நீட்டிக்கிட்டு நிக்கி, பாத்தா ஒட்டுக் கேக்குற மாதிரி இருக்கு. எங்க பக்கம் சபை ஊழியம் பாக்குற ஒரு உபதேசியார் டீக்கடையில என்னமோ பேசுனாரு. அதைப் பதிவு பண்ணிக் கொண்டுபோய் பேராயர் பங்களாவுல போட்டுக் காட்டிட்டானுவ. மறுவாரம் அந்த மனுசனைக் காட்டுக்குள்ள ஒரு ஊருக்கு மாத்திட்டாவ. அதுல இருந்து எனக்குப் போனைக் கண்டாலே ஆவாது.

நீங்க எந்தச் சபை? சபையே கிடையாதா, இந்துவா? அப்ப சரி. அப்ப உங்களுக்கு மேல்க்கரையும் கிடையாது, கீழ்க்கரையும் கிடையாது. உங்ககிட்ட பேசலாம்.

நான் எஸ்றா. எஸ்றா மாஸ்டர்னா ஹார்லிபுரத்துல தெரியாத ஆளு கிடையாது. மிஷன் ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். நான் 'அட்டென்ஷன்'னு ஒரு சத்தம் போட்டா ஆத்துக்கு அந்தக் கரையில மேயுற ஆடு தலையைத் தூக்கும். சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது. அந்தச் சத்தம்தான்... இருங்க, முதல்ல இருந்து சொல்லுதேன்.

உங்களுக்குத் திருமண்டலம்னா என்னன்னு சொல்லணும்லா. ஊரூரா இருக்கிற சபை எல்லாம் சேந்தது ஒரு திருமண்டலம். அதுக்குத் தலைவர் பேராயர். எங்க அப்பா காலத்துல அத்தியட்சர்னு சொல்லுவாவ. உங்கள்ல மடத்துக்கு ஆதீனம் இருக்குல்லா, அந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ஆனா எங்களுக்கு ஓட்டு உண்டு. பெருமன்றம்னு ஒண்ணு இருக்கு, ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேரு போயி ஓட்டுப் போடணும். ஹார்லிபுரத்துக்கு ஓட்டு என் கையில. இதை மறந்துராதிய. நான் சொல்லப்போற எல்லாம் இந்த ஓட்டுல இருந்துதான் கிளம்புது. என் வீட்டுக்காரி நவமணி அப்படி இல்லைங்கா. அவ பேச்சை விடுங்க.

முதல் அத்தியட்சர் ஹார்லி, வெள்ளைக்காரரு. வந்தவரு எங்க பங்களா கட்டுனாரு? ஆத்துக்கு மேல்க்கரையில. அங்கதான் காத்து வருதுன்னாராம். காத்து எங்களுக்கும்தானே வருது? பங்களா அங்க போச்சா, பின்னாலயே ஆஸ்பத்திரி போச்சு, காலேஜ் போச்சு, அச்சாபீஸ் போச்சு. கீழ்க்கரைக்கு அவரு பேரை வச்சாரு, கூடவே கல்லறைத் தோட்டத்தையும் குடுத்தாரு. ஹார்லி எங்க கரையிலதான் படுத்திருக்காரு. அவருக்குப் பின்னால வந்த ரெண்டு வெள்ளைக்காரரும் எங்க கரையிலதான் படுத்திருக்காவ. செத்தா எங்க கரை, ஆண்டா அவிய கரை. இதை நான் பெருமன்றத்துல எழுந்திரிச்சுச் சொன்னேன். சிரிச்சானுவ. நான் சிரிக்கச் சொல்லல.

பொறவு வெள்ளைக்காரரு போயி நம்ம ஆளுவ வந்தாவ. நாலு பேரு. நாலு பேரும் மேல்க்கரை! பேராலயத்துல குருமாரு அங்கி மாத்துற அறை ஒண்ணு உண்டு. அதுல பேராயருமாரு படம் வரிசையாத் தொங்கும். கடைசிப் படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி சும்மா அடிச்சிருக்கு. நான் பாத்தேன். அடுத்த படத்துக்கு. ஆளு யாருன்னே முடிவாகல, அதுக்குள்ள ஆணி அடிச்சு வச்சிருக்கானுவன்னா என்ன அர்த்தம்? கோயில் மணி அடிச்சுக் கூட்டிப் பெருக்குற கோயில்குட்டியாரிட்ட கேட்டேன். அது காலண்டர் மாட்டுற ஆணிங்காரு. அவருக்கு ஊரு எது? மேல்க்கரை.

நாலாவது ஆளும் ரிட்டையர் ஆனாவ. அடுத்து யாருன்னு வந்துச்சு. எங்க கரையில ஞானதிரவியம் ஐயர் நின்னாவ. ஐயர்னா உங்கள்ல ஐயர் இல்ல, சபை குருவை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். அவிய கரையில தேவபிரியம் ஐயர். தேர்தலுக்கு முன்னாலயே ஒருத்தன் கோர்ட்டுக்குப் போயிட்டான். தடை உத்தரவு. வருசம் ஒண்ணு போயும் பேராயர் கிடையாது. வெளித் திருமண்டலத்துப் பேராயர் ஒருத்தரைப் பொறுப்புக்குப் போட்டாவ. அவரு பாவம், கோர்ட்டுக்குப் பயந்து எதுலயும் கை வைக்கல.

இந்த நேரத்துலதான் ஆசீர் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தாரு. யாரு அவரு? மேல்க்கரையில தேவபிரியத்துக்கு ஓட்டுச் சேக்குறதே அவருதான். பழத்தட்டோட வந்தாரு, சம்சாரத்தோட வந்தாரு. "மாஸ்டர், உங்க எப்சியை என் மகன் நேசனுக்குக் கேட்டு வந்திருக்கேன்"ன்னாரு.

என் ஒரே மக, எப்சிபா. காலேஜ்ல நேசனும் அவளும் சேந்து படிச்சிருக்காவ, இப்ப ஒரே ஸ்கூல்ல டீச்சரு. ரெண்டு பேருக்கும் மனசு உண்டாம். ஊருக்கே தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாதாம். நான் நவமணியை அடுக்களைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய்ச் சொன்னேன், "ஏளா, இவன் ஓட்டுக்கு வந்திருக்கான்."

"உங்க ஒரு ஓட்டுக்காவ ஒருத்தன் பெத்த பிள்ளையவா குடுப்பான்?"ன்னா அவ.

குடுப்பான் தம்பி. உங்களுக்கு எங்க திருமண்டலத்தைத் தெரியாது. ஆனாலும் நான் சம்மதிச்சேன். ஏன்னா எப்சி கதவு ஓரமா நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. பொண்ணு போவட்டும், ஓட்டு போவாதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

இப்ப ரெண்டு விசயம் உங்களுக்கு விளங்கணும். ஒண்ணு, எங்க ஆராதனையில ஐயர் ஜெபிக்கும்போது, 'எங்கள் பேராயர் இன்னாருக்காக'ன்னு பேரைச் சொல்லி ஜெபிப்பாரு. வாரா வாரம் உண்டு. பேராயரே இல்லாத காலத்துல என்ன பேரைச் சொல்லுவாரு? எங்க சபைக்கு ஜெயக்கர் ஐயர்னு ஒரு சின்ன வயசுக்காரரு வந்திருந்தாரு. அவரு முதல்ல பொறுப்புப் பேராயர் பேரைச் சொன்னாரு. வெளி ஆளுக்கு எங்க ஜெபம் எதுக்குன்னு ரெண்டு கரைக்காரனும் சண்டைக்குப் போனான். அதுல இருந்து அவரு பேரே சொல்லதில்ல. 'எங்கள் பேராயர்...'ன்னு சொல்லி நிறுத்துவாரு. கொஞ்ச நேரம் சும்மா நிப்பாரு. பொறவு அடுத்ததுக்குப் போவாரு.

அந்தச் சும்மா நிக்கிறதுதான் வினை. அவரு எதுக்கு நிறுத்தணும்? கர்த்தருக்குத் தெரியும், அவரே பேரைப் போட்டுக்கிடட்டும்னு நிறுத்துறேன்னாரு. கர்த்தர் போடுதாரோ இல்லையோ, இடது பக்கத்துப் பெஞ்சுல மேல்க்கரையில இருந்து குடிவந்த நாலஞ்சு குடும்பம் உண்டு, அதுல ஒருத்தன் 'தேவபிரியம்'னு முனங்குனான். அடுத்த வாரம் நம்ம ஆளு 'ஞானதிரவியம்'னு முனங்குனான். பொறவு முனங்கல் எல்லாம் போயி பேச்சாச்சு, பேச்சு போயி சத்தமாச்சு. யாரு முந்துதானோ அவனுக்கு அந்த வாரம். ஒரு வாரம் கேட்டியளா, நான் தொண்டையைச் செருமதுக்குள்ள அந்த இடது பக்கத்துக்காரன் முந்திட்டான். வெளிய வந்து என்னைப் பாத்துச் சிரிக்கான். டிரில் மாஸ்டர் தம்பி நான். எனக்கு எப்படி இருக்கும்?

ரெண்டாவது விசயம் ஓலை. எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாவ. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதுக்கு யாருக்காவது தடை தெரிஞ்சா இப்பவே சொல்லணும்னு ஐயர் கேப்பாரு. கேட்டுட்டு நிறுத்துவாரு. அங்கயும் ஒரு சும்மா நிக்கிறது உண்டு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ. சொல்லாம இருக்கத்தான் அந்த நிறுத்தம்.

எப்சிக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஞாயிறு. அன்னைக்கு ஆசீர் அண்ணாச்சி குடும்பத்தோட எங்க கோயிலுக்கு வந்து முதல் பெஞ்சுல உக்காந்திருக்காரு. மத்தியானம் எங்க வீட்டுல விருந்து, அதுக்கு வந்திருக்காவன்னு நவமணி சொன்னா. விருந்துக்குன்னா மத்தியானம் வரலாம்லா? எதுக்கு ஆராதனைக்கு வரணும்? எனக்கு உடனே விளங்கிப்போச்சு. எங்க சபையில, எங்க கோயில்ல, என் காது கேக்க, 'தேவபிரியம்'னு சத்தம் போட வந்திருக்காரு. இன்னைக்கு விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணைத் திறந்தா கவனம் சிதறும். காதை மட்டும் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஐயர் எப்ப நிறுத்துவாரோ அப்ப முந்தணும். அது ஒண்ணுதான் மனசுல.

ஐயர் என்னமோ வாசிச்சுக்கிட்டே போறாரு. நிறுத்துனாரு.

நான் எழுந்திரிச்சு நின்னு போட்டேன் ஒரு சத்தம். "ஞானதிரவியம் ஐயர்!"

கோயில் மேக்கூரையில இருந்த புறா அத்தனையும் பறந்துட்டு. முந்திட்டேன்னு எனக்கு அப்படி ஒரு நிறைவு. கண்ணைத் திறக்கேன். எல்லாரும் என்னையே பாக்காவ. இடது பக்கத்துக்காரன் கூடச் சிரிக்கல. ஜெயக்கர் ஐயர் கையில ஓலையை வச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்துப்போய் நிக்காரு.

விளங்குதா? வழக்கமா ஓலை கடைசியிலதான் வாசிப்பாரு. அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்திருக்காவன்னு ஜெபத்துக்கு முன்னாலயே வாசிச்சுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னே செஞ்ச வேலை. நான் இன்னைக்கும் சொல்லுவேன், அது வேணும்னே செஞ்ச வேலை.

என்ன கேக்கிய? மக பேரு வாசிச்சது காதுல விழலையாவா?

நவமணியும் அதைத்தான் கேட்டா. எல்லாரும் அதையேதான் கேக்காவ. 'எஸ்றா நவமணி இவர்களுடைய மகள் எப்சிபா'ன்னு வாசிச்சிருக்காரு. நல்லா சத்தமாத்தான் வாசிச்சாராம். விழல தம்பி. நிறுத்தம் மட்டும்தான் விழுந்துது.

எப்சி பாடகர் வரிசையில நின்னா. அழுவான்னு நினைச்சேன். அழல. பாட்டுப் புத்தகத்தை மூடிக் கீழ வச்சா. அவ்வளவுதான்.

ஜெயக்கர் ஐயர் மெதுவாக் கேட்டாரு, "மாஸ்டர், இது தடையா?"

அங்கதான் தம்பி, அங்க ஒரு வார்த்தை, 'இல்ல, தெரியாம எழுந்திரிச்சுட்டேன்'னு சொல்லி உக்காந்திருக்கலாம். நவமணி என் வேட்டியைப் பிடிச்சு இழுக்கா. ஆனா ஆசீர் அண்ணாச்சி முதல் பெஞ்சுல இருந்து திரும்பி என்னையே பாக்காரு. அவரு முன்னால நான் தெரியாம எழுந்திரிச்சேன்னு சொன்னா, பெருமன்றத்துல என் வாய்க்கு என்ன மதிப்பு இருக்கும்? வாய் தானாச் சொல்லிட்டு: "தடைதான். பேராயர் இல்லாத திருமண்டலத்துல கல்யாணம் எப்படிச் செல்லும்?"

சொன்னது தப்புன்னு எனக்கும் தெரியும். அந்த ஒரு வருசத்துல எத்தனையோ கல்யாணம் நடந்துச்சு. ஆனா சட்டம் என்னன்னா, ஓலை வாசிக்கும்போது யாரு தடை சொன்னாலும் ஐயர் அங்கயே நிறுத்தி வைக்கணும். தடை செல்லுமா செல்லாதான்னு பேராயர்தான் விசாரிச்சு முடிவு சொல்லணும். பேராயர் எங்க இருக்காவ? பொறுப்புப் பேராயருக்கு எழுதுனா, கோர்ட்டு உத்தரவு இருக்கு, நான் தீர்ப்பு ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ஆக, பேராயர் வந்தாத்தான் தடை தீரும். கல்யாணம் அப்படியே நின்னு போச்சு. பந்தல்காரன் வந்து கேக்கான், நாங்க என்னத்தைச் சொல்ல?

நீங்க வாயைத் திறக்கதுக்குள்ள நானே சொல்லுதேன். நான் தடையை வாபஸ் வாங்கியிருக்கலாம். ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நவமணி காலைப் பிடிக்காத குறையாச் சொன்னா. ஜெயக்கர் ஐயர் வீட்டுக்கே வந்தாரு. ஆசீர் அண்ணாச்சியும் வந்தாரு. "மாஸ்டர், உங்க ஓட்டு எனக்கு வேண்டாம். நீங்க ஞானதிரவியத்துக்கே போடுங்க. பிள்ளைய ரெண்டும் பாவம்"ன்னாரு. பாத்தியளா? ஓட்டுப் பேச்சை எடுத்தது யாரு? அவருதானே எடுத்தாரு! மனசுல இல்லாமலா வாயில வந்துச்சு? நான் வாபஸ் வாங்கமாட்டேன்னுட்டேன்.

எப்சி ஒரு வார்த்தை பேசல. சோறு போட்டா, துணி துவைச்சுப் போட்டா, பேசல. ஒரு நாள் நானும் கேட்டேன், "ஏட்டி, அப்பா மேல கோவமா?"

"என் பேரு உங்க காதுல விழவே இல்லையாப்பா?"ன்னா.

நான் ஜெயக்கர் ஐயர் முறையை மாத்துனதைப் பத்திச் சொன்னேன். விளக்கமாச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டு உள்ள போயிட்டா. அடுத்த மாசம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சு, மலையடிவாரத்துல வேற திருமண்டலத்துக் கோயில்ல ஒரு ஜெபம் வச்சிருக்காவ. நவமணி போனா. எனக்கும் சொன்னாவ. நான் போவல. அங்க ஆசீர் அண்ணாச்சி நிப்பாருலா.

பொறவு என்ன ஆச்சுங்கியளா? கேஸ் முடிஞ்சு தேர்தல் வந்துது. ஞானதிரவியம் ஐயர் ஜெயிச்சாவ. கீழ்க்கரைக்கு முதல் பேராயர்! நான் துண்டைத் தலைக்கு மேல சுத்துனேன். பதவி ஏக்கிற அன்னைக்குப் பேராலயத்துக்குப் போனேன். எங்கள்ல பேராயர் கோலால மேற்கு வாசல்ல மூணு தட்டு தட்டுவாவ, உள்ள இருந்து ஒருத்தர் திறந்து விடணும். தட்டுனாவ. கதவு திறந்துச்சு. திறந்தது யாரு? ஆசீர் அண்ணாச்சி. திருமண்டலத்துக்குப் புதுச் செயலர்! ரெண்டு கரையும் ராசியாப் போயிட்டாவளாம். தேவபிரியம் ஐயருக்குக் காலேஜ் தாளாளர் பதவியாம். எல்லாம் எப்பவோ பேசி முடிச்சிருக்காவ. எனக்கு ஒருத்தனும் சொல்லல.

ஆராதனை முடிஞ்சு வரிசையில நின்னு பேராயருக்குக் கை குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே கேட்டாவ, "எஸ்றா மாஸ்டர், மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" அவிய பேரைச் சொல்லித்தான் அது நின்னு போச்சுன்னு அவியளுக்கே தெரியல தம்பி. இல்ல, தெரிஞ்சும் தெரியாத மாதிரி கேட்டாவளோ என்னமோ. நான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பேராயருமாரு படம் தொங்குற அந்த அறையில எட்டிப் பாத்தேன். அந்த ஆணியில காலண்டர்தான் தொங்குது.

இப்ப எங்க போறேன்னு கேட்டியல்லா? எப்சிக்குப் பொண்ணு பிறந்திருக்கு. இன்னைக்கு ஞானஸ்நானம். நவமணி முந்தாநாளே போயிட்டா. எனக்கு எப்சியே போன் போட்டா. அந்த விளக்கம் சொன்ன நாளைக்குப் பொறவு என்கிட்ட அவ பேசுனது அப்பத்தான். "அப்பா, பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நீங்க நிக்கணும்"ன்னா.

அதுல என்ன உண்டுன்னா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு ஐயர் கேப்பாரு, 'இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்'னு. கேட்டுட்டு நிறுத்துவாரு. அந்த நிறுத்தத்துல ஞானத்தகப்பன் பேரைச் சொல்லணும். அவன் சொன்ன பேரைத்தான் ஐயர் தண்ணியை ஊத்திச் சொல்லுவாரு. வேற யாருக்கும் அந்த இடத்துல வாய் கிடையாது.

அதை எனக்குக் குடுத்திருக்கா. எதுக்குக் குடுத்தா? மாமனார் சொன்னதுக்காவ குடுத்திருப்பாளோ? அடுத்த மாசம் பெருமன்றத்துக்குத் திரும்ப ஆளெடுப்பு வருது, அதுக்காவ இருக்குமோ? ராத்திரி பூராவும் யோசிச்சேன். ஒரு கணக்கும் சரியா வரல. போன்லயே பிள்ளை பேரைச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. பொறவு கேட்டா, "இந்தத் தடவை காதுல விழுந்துதாப்பா?"

விழுந்துதுன்னேன். என் குரலே எனக்குக் கேக்கல.

பேரு என்னன்னா கேக்கிய? அதை எதுக்கு உங்களுக்கு? முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட தொட்டிக்கு முன்னால சொல்ல வேண்டிய பேரைச் சொல்லுவேனா? போவட்டும் விடுங்க.

இல்ல. தம்பி, ஒண்ணு சொல்லவா? பஸ் ஏறுனதுல இருந்து எனக்கு ஒரே பயம். ஐயர் நிறுத்துவாரு. நான் வாயைத் திறப்பேன். ஆசீர் அண்ணாச்சி எதிர்ல நிப்பாரு. அந்த நேரத்துல என் வாயில வேற பேரு எதுவும் வந்துட்டா? நான் எல்லாரையும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தவன். என் வாயைப் பாக்க விட்டுட்டேன்.

அந்தப் போனை வெளிய எடுங்க. ஆமா, எடுங்க. பதிவு பண்ணத் தெரியும்லா? நான் இப்ப சொல்லுதேன். சரியா வருதான்னு எனக்குப் போட்டுக் காட்டுங்க. அமுக்கியாச்சா?

"எமீமா!"

ஏ, டிரைவர் ஏன் திரும்பிப் பாக்காரு? ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டுங்க.

போட்டுக் காட்டுங்க தம்பி. இன்னும் கொஞ்சம் காதுக்கிட்ட வையுங்க.

இதுவா நான்? இவ்வளவு சத்தமாவா இருக்கு? கைப்பிள்ளைல்லா அது, பயந்துரும். இருங்க, அழிச்சிருங்க அதை. இன்னொரு தடவை அமுக்குங்க. மெதுவாச் சொல்லுதேன்.